முப்பத்தோராம் நாள் மாற்று

கரைவலையின் மடி கரையில் ஏறிய நேரம் பார்த்துத்தான் றஸாக் அந்தக் கதையை எடுத்தான். சும்மா எடுத்தானா, வேண்டுமென்றே எடுத்தானா என்று சாரதாதேவி பிறகு மூன்று நாள் யோசித்தாள்.

கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வலையில் சூடையும் கொஞ்சம் பாரைக்குஞ்சும்தான். வலை அவள் புருஷன் இராசதுரையுடையது. ஆட்கள் கயிறு சுருட்ட, கறிக்கு மீன் பொறுக்கப் பெட்டியோடு அவள் குந்தியிருந்தாள். மற்றவர் பொறுக்கிக் கொடுக்கும் மீனில் அவளுக்கு என்றைக்கும் நம்பிக்கையில்லை. றஸாக் சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி வந்து பதினைந்து வருஷமாக இந்த மீன்வாடியில் விலைக்கு மீன் எடுக்கிறவன்.

“அக்கா, உங்கட மருமகளுக்கு என்ன பிரச்சின?”

“ஏன் கேக்கிறாய்?”

“இல்ல, நேத்து பொலிசடியில கண்டன். தகப்பனும் கூட நிண்டார். அவட ஒரு கையில மருந்துக்கட்டு, மற்றக் கையில ஒரு கடதாசி. என்ன புள்ள எண்டு கேட்டதுக்கு, ஒண்டுமில்ல நானா எண்டு தலையக் குனிஞ்சிட்டு போயிட்டா.”

சாரதாதேவியின் கையிலிருந்த பாரைக்குஞ்சு நழுவி மணலில் விழுந்தது.

“உள்ளுக்குப் போனவளா, வெளிய வந்தவளா?”

“வெளிய வந்தவ.”

போச்சு. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சாரதாதேவி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள். மீன் பொறுக்காமல் அவள் வீட்டுக்குப் போனதை வலைக்காரர் அன்றுதான் கண்டார்கள்.

இந்தக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். இராசதுரையும் அப்படி வந்தவர்தான். அவர் குடியிருக்கும் வளவு சாரதாதேவியின் சீதன வளவு. ஆனால் மகன் வினோதன் நிரோஜினியைப் பதிவுக் கலியாணம் முடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு அவளுக்கு ஊர் வழமை தலைகீழாகிவிட்டது. நிரோஜினியின் தகப்பன் செல்லத்தம்பி கட்டாடி. டவுனில் துணி வெளுத்து அயன் பண்ணும் கடை வைத்திருந்தாலும், கோயிலுக்கு வெள்ளை கட்டவும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் சாவீட்டுக்கும் சீலை கொண்டுவரவும் அவரைத்தான் ஊர் கூப்பிடும். “என்ட மகன் கட்டாடி வீட்டில போய்க் குடியிருக்கிறதா?” என்று கேட்டாள் சாரதாதேவி. அந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்தாள். மருமகளைத் தன் வீட்டுக்குள் எடுத்தாள். பெரிய மனசு என்றார்கள் சனங்கள். அவளும் அதை நம்பினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பிள்ளைப்பேற்றில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. முப்பது நாளும் தன் கையால் சரக்கு அரைத்துக் கறி வைத்தாள். வேப்பிலையும் நொச்சியும் போட்டு வேதுத்தண்ணி காய்ச்சி முதுகில் ஊற்றினாள். பேரனைத் தொடையில் கிடத்தி எண்ணெய் பூசும்போது அவன் மூக்கு இராசதுரையின் மூக்கு என்று எல்லாரிடமும் காட்டினாள். அவன் காது செல்லத்தம்பியின் காதாக இருந்ததை மட்டும் அவள் யாருக்கும் காட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கும் நாள். அன்றைக்குக் கட்டாடி வெளுத்துக் கொண்டுவரும் மாற்றுச் சீலையை உடுத்தால்தான் பெற்றவளுக்குத் துடக்கு நீங்கும். இப்போது எத்தனையோ வீடுகளில் கடையில் ஒரு புதுச்சீலை வாங்கிக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். சாரதாதேவிக்கு அந்த யோசனையே வரவில்லை. முதல் நாள் பின்னேரம் போனை எடுத்தாள்.

“செல்லத்தம்பி, நாளைக்குக் கழிவு. வெள்ளன மாத்துக் கொண்டு வா.”

“ஓம் அம்மா” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

வந்தார். பேரனைப் பார்க்க வருகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை, தோளில் மாற்றுப் பொட்டலம். முன்வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானாகவே வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் சுற்றி வந்தார். வழமைப்படி சுளகில் அரிசி, தேங்காய், வெற்றிலை எல்லாம் வைத்துச் சாரதாதேவி நிலத்தில் வைத்தாள். அவர் அதை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொதி விழுந்து அவிழ்ந்தது. வெள்ளி அரைஞாண். பிள்ளைக்குக் கொண்டுவந்தது. அவர் அவசரமாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

குசினி வாசலில் நின்ற நிரோஜினி அதைக் கண்டாள்.

“மாமி, அப்பாவுக்கு ஒரு கதிரை குடுங்க.”

“பேரனப் பாக்க வாறண்டா இன்னொரு நாளைக்கு முன்னால வரட்டும். மாத்துக் கொண்டு வந்தவனுக்கு என்னத்துக்குக் கதிரை?”

நிரோஜினி திரும்பி உள்ளே போனாள். குசினிக்குள்ளிருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கினாள். சாரதாதேவியின் ஒரு கையில், தேத்தண்ணிக்கு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தில். மறு கையால் கதிரையைப் பிடித்து இழுத்தாள். “கட்டாடிட புத்தி போகுமா!” என்று வாய் கத்தியது. சுடுதண்ணி நிரோஜினியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஊற்றுண்டது.

கேத்தில் சரிந்ததா, சரித்தாளா? சாரதாதேவியைக் கேட்டால் சரிந்தது என்பாள். அந்தச் சொல்லும் சரிந்து விழுந்தது என்று அவளாலும் சொல்ல முடியாது. நிரோஜினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தகப்பனின் கையைப் பிடித்து, முன்வாசலால் இறங்கிப் போனாள். மாற்றுச் சீலை பொட்டலம் அவிழாமலே கோடியில் கிடந்தது.

அது நடந்து பன்னிரண்டு நாள். இப்போது பொலிசடி.

“சாதியச் சொல்லிப் பேசினா மறியலாம்,” என்றாள் சாரதாதேவி மத்தியானச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு. “சுடுதண்ணிக்கு வேற. ரெண்டையும் சேத்துத்தான் எழுதியிருப்பாள். நான் இந்த வயசில கம்பிக்குள்ள போய்க் குந்தணுமா?”

“இன்னும் ஒருத்தரும் வரல்லயே,” என்றார் இராசதுரை.

“அதுதான் பயம். வெள்ளிக்கிழமை பின்னேரமாப் பாத்து வருவாங்க. சனி ஞாயிறு கோடு பூட்டு, நீதவான் இல்ல. ரெண்டு நாளைக்கு உள்ளுக்க வைக்கிறதுக்கு அப்பிடித்தான் செய்யிறவங்களாம்.”

வினோதன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான். வாயில் வைக்கவில்லை.

“அம்மா, அவ அப்பிடிச் செய்யமாட்டா. ஒருக்காப் போய்க் கூட்டிட்டு வருவம்.”

சாரதாதேவி அவனைக் கூர்ந்து பார்த்தாள். “செய்யமாட்டா எண்டு உனக்கு எப்பிடித் தெரியும் மனே? கதைக்கிறயா அவளோட?”

“என்ட பொஞ்சாதியோட நான் கதைக்கக் கூடாதா?”

“அப்ப பொலிசுக்குப் போனதும் தெரியும் உனக்கு.”

“கேட்டன். ஒரு அலுவல் எண்டா. மேல கேக்கல்ல.”

மேலே கேட்கவில்லையாம்! சாரதாதேவி நம்பவில்லை. அவன் கிணற்றடியில் போனோடு நின்றால் இவள் முருங்கை மரத்தடியில் ஏதாவது பொறுக்கினாள். “சுகமா? புள்ள குடிக்கிறானா?” என்பதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. தன்னைக் கண்டுதான் கதையை மாற்றுகிறான் என்று நினைத்தாள். அடுத்த வீட்டுக்காரி வேலியில் சீலை காயப்போட வந்தாலும் எட்டிப்பார்க்க வந்தாள் என்று தோன்றியது. நாய் குரைத்தால் யாரோ வருகிறார்கள். குரைக்காவிட்டால் தெரிந்த யாரோ வருகிறார்கள்.

மூன்றாம் நாள் காலை லோயரிடம் போக அவள் நல்ல சீலை எடுக்க அலுமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் நிரோஜினியின் கிளினிக் அட்டை, அதற்குள் அவளுடைய அடையாள அட்டை. கலியாணம் முடித்து வந்த கிழமையே ‘கவனமா வைக்கிறன்’ என்று வாங்கி வைத்தது. அட்டையிருந்தால் நினைத்த பக்கம் போய்விடுவாள் என்ற யோசனையும் அப்போது இருக்கத்தான் செய்தது. சாரதாதேவி அதை இன்னும் உள்ளே தள்ளி மேலே ஒரு போர்வையைப் போட்டாள்.

லோயர் சுல்பிகா மருதமுனைக்காரி. கோட்டுக்கு எதிர்த் தெருவில் சின்ன அலுவலகம். கேள்வி கேட்டால் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். அதுவே சாரதாதேவிக்குப் பிடிக்கவில்லை. கூட வந்த இராசதுரை சுடுதண்ணியையும் பொலிசையும் சுருக்கமாகச் சொன்னார்.

“முறைப்பாட்டு நம்பர் இரிக்கா?”

“இல்ல.”

“பொலிஸ் கூப்பிட்டயா?”

“இல்ல.”

“அப்ப முறைப்பாடு போட்டிரிக்கி எண்டு எப்பிடித் தெரியும்?”

“றஸாக் கண்டவன்.”

“எந்த றஸாக்?”

“மீன் எடுக்கிற றஸாக்.”

சுல்பிகா பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“இந்தா பாருங்க அம்மா. நீங்க கேக்கிறது முன்பிணை. புடிக்க முந்தியே பிணை. சுடுதண்ணிக் காயம் கடுமை எண்டு டொக்டர் எழுதினா லேசில பிணை வராது, அதால நீங்க கேக்கலாம்தான். ஆனா, எனக்குப் பயமா இரிக்கி எண்டு மட்டும் எழுத ஏலா. என்ன நடந்த, ஏன் புடிப்பாங்க எண்டு பயப்படுறயள், எல்லாம் சத்தியக்கடதாசியில வரணும். அதில ஒரு கொப்பி பொலிசுக்கும் போகும்.”

“போகட்டுமே. அவள் சொன்னதுக்கு மேல எங்கட கதையும் போகட்டும்.”

“அவ ஒண்டும் சொல்லல்லயெண்டா?”

“சொல்லாமலா பொலிசடியில நிண்டவ? சாமான் வாங்கவா போனவ?”

“ஒருக்கா அவவப் போய்ப் பாத்து, என்ன புள்ள எண்டு கேட்டா என்ன? வீடு தூரமா?”

“ஓட்டோவில பத்து நிமிஷம்,” என்றார் இராசதுரை. மனைவி பார்த்த பார்வையில் அவர் சுவரிலிருந்த கலண்டருக்குத் திரும்பிக்கொண்டார்.

“அந்த வாசலுக்கு நான் போகமாட்டன்,” என்றாள் சாரதாதேவி. “போனா ஒரு கதிரையத் தூக்கிப் போடுவாங்க. இருக்கவும் ஏலா, இருக்காம வரவும் ஏலா.”

சுல்பிகா அவள் முகத்தையே பார்த்தபடி பேனையை மறுபடியும் திறந்தாள். இவளும் அந்தப் பக்கமோ, செல்லத்தம்பி கடையில்தான் இந்தக் கறுப்புக் கோட்டையும் வெளுக்கக் கொடுக்கிறாளோ என்று சாரதாதேவிக்கு ஓடியது. இருந்தாலும் வாயைத் திறந்தாயிற்று. ஒன்றொன்றாகச் சொன்னாள். அரிசி வைத்த சுளகு, கதிரை, கேத்தில், வாயில் வந்த சொல்லு. அந்தச் சொல்லை விட்டுவிடலாமா என்று கேட்டாள். மறைத்தால் பிறகு பொய்ச்சத்தியமாகும் என்றாள் லோயர்.

“சரி. செல்லத்தம்பிய என்னெண்டு போட? சம்பந்தி எண்டு போடவா?”

“ஐயோ, வேணா! சம்பந்தி எண்டு போட்டா, சம்பந்திய ஏன் கோடிப்பக்கம் விட்ட எண்டு கேப்பாங்க. எங்கட குடிமைக் கட்டாடி எண்டு போடுங்க. வழமைக்கு வந்தவர், வழமைப்படி நடத்தின. அதில என்ன குற்றம்?”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றயளா?”

“மூணு நாளா யோசிச்சுத்தான் வந்திரிக்கன்.”

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினார்கள். சமாதான நீதவானின் முன்னால் சாரதாதேவி கையெழுத்து வைத்தாள். வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்தாள். அந்த மூன்று நாளில் வாய்க்கு ருசித்தது அது ஒன்றுதான்.

அடுத்த கிழமை வழக்குக் கூப்பிட்டார்கள். பொலிசின் பக்கம் எழும்பினவர் சார்ஜன் பக்கீர் முகைதீன். கொப்பியைப் புரட்டி, நிதானமாகச் சொன்னார்.

“கனம் நீதவான் அவர்களே, இந்த மனுதாரருக்கு எதிரா எங்கட நிலையத்தில எந்த முறைப்பாடும் இல்ல. மருமகள் எண்டு சொல்லப்படுற நிரோஜினி வந்தது உண்மை. அடையாள அட்டை பஸ்ஸில தொலைஞ்சிட்டு எண்டு பொலிஸ் புத்தகத்தில என்றி போட வந்தவ. புது அட்டை எடுக்கிறதுக்கு.”

பஸ்ஸில் தொலைந்ததா? அட்டை அலுமாரியில் போர்வைக்குக் கீழே கிடக்கிறது. மாமியார் எடுத்து வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பொலிஸ் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கும். அவள் பஸ்ஸைச் சொல்லியிருக்கிறாள்.

சார்ஜன் உட்காரவில்லை.

“ஆனா இப்ப மனுதாரர்ட சத்தியக்கடதாசியிலயே சில விசயம் இரிக்கி. காயம் பட்டது, சாதியச் சொல்லிப் பேசினது. இத நாங்க பாக்காம விட ஏலா. விசாரிக்க வேண்டியிரிக்கி.”

விசாரித்து அறிக்கை வைக்கும்படி சொல்லி நீதவான் வழக்கை இன்னொரு தவணைக்குத் தள்ளினார். பிணையும் இல்லை, இல்லையென்றும் இல்லை. வெளியே வந்ததும் சாரதாதேவி சுல்பிகாவின் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

“இப்ப என்னகா செய்யிற?”

“இனி உங்கட கையிலயும் இல்ல, என்ட கையிலயும் இல்ல. அந்தப் புள்ளைட வாயிலதான் இரிக்கி. இல்ல, அப்பிடி நடக்கல்ல எண்டு அவ சொன்னா இது இதோட முடியும்.”

அன்று முழுதும் அவள் அதையே பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் தொலைந்தது என்று சொன்னவள் இதையும் சொல்லுவாள். வினோதன் இரவுச் சோற்றின்போது ஒன்று சொன்னான். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும்போது டொக்டர் துருவித் துருவிக் கேட்டாராம். தானே கேத்திலைத் தட்டிக்கொண்டேன் என்றாளாம்.

“அத ஏன்டா எனக்கு முதலே சொல்லல்ல?”

“நான் சொன்னா நீங்க நம்பியிருப்பயளா அம்மா?”

சாரதாதேவி கையைக் கழுவப் போனாள். விடிய எழும்பி அலுமாரியைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்து ஹேன்ட்பேக்கின் அடியில் வைத்துக்கொண்டாள். கையில் கொடுத்துவிட வேண்டும். வாயால் என்ன சொல்வதென்று மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கே விசாரணைக்கு இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸில் சார்ஜனின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை. சாரதாதேவியை ஒன்றில் இருக்கச் சொன்னார்கள். இராசதுரையும் வினோதனும் சுவரோரம் நின்றார்கள். நிரோஜினி வந்தாள். தோளில் பிள்ளை. கைக்கட்டு அவிழ்த்திருந்தது. முழங்கையிலிருந்து கீழே தோல் புதிதாக, சிவந்து கிடந்தது. செல்லத்தம்பி வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பேரன் கொட்டாவி விட்டான். அரையில் வெள்ளி அரைஞாண். சாரதாதேவியின் கை பையின் சிப்பை இழுத்துத் திறந்தது. பிறகு நின்றது. பொலிசுக்கு முன்னால் இந்த அட்டையை எடுத்தால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு குற்றம் எழுதுவார்கள். பையை மூடினாள்.

“இரிங்க தங்கச்சி,” என்றார் சார்ஜன்.

நிரோஜினி மற்றக் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சத்தியக்கடதாசியை வாங்கி வாசித்தாள். முதல் பக்கத்தை வேகமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றாள். அந்த இடத்தை மறுபடியும் வாசித்தாள். உதடு அசைந்தது.

“இது நடந்ததா?” சார்ஜன் கேட்டார். “ஆஸ்பத்திரிப் புத்தகத்தில நீங்களே ஊத்திக்கொண்டதெண்டு கிடக்கு.”

“ஓம் சேர். நான்தான் அப்பிடிச் சொன்னன். என்ட புள்ளைக்கு அந்த வீடு வேணும் எண்டு நினைச்சன். அப்பாவும் சொன்னார், விடு மகள், பெரிசாக்காத எண்டு.”

சாரதாதேவிக்கு மூச்சு வந்தது. சொல்லு புள்ள, சொல்லு. கடைசி வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன். மனம் அவளைக் கெஞ்சியது.

“இப்ப என்ன சொல்றயள்?”

“இப்ப மாமியே சத்தியம் பண்ணி எழுதியிரிக்காங்க. எல்லாம் உண்மை சேர். ஒரு எழுத்தும் கூட்டியும் எழுதல்ல, குறைச்சும் எழுதல்ல. நான் ஏன் இல்லயெண்டு சொல்ல?”

“நிரோ!” என்றான் வினோதன் சுவரோரத்திலிருந்து.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கடதாசியை மேசையில் வைத்து, வெந்த கையின் விரலை அந்த இடத்தில் ஊன்றினாள்.

“இதில மட்டும் பிழை இரிக்கி சேர். ‘எங்கள் குடிமைக் கட்டாடி செல்லத்தம்பி என்பவர்’ எண்டு போட்டிரிக்கி. என்ட கையச் சுட்டத நான் விட்டிருப்பன். இது சும்மா வாயில வந்த சொல்லு இல்ல, இருந்து யோசிச்சு எழுதினது. என்ட புள்ள நாளைக்குப் பெரியவனாகி வாசிப்பான். அவர் அவன்ட அம்மப்பா. அப்பிடி எழுதுங்க.”

சார்ஜன் வெளியே பார்த்தார். “ஐயா, உள்ளுக்க வாங்க. நீங்களும் வாக்குமூலம் குடுக்கணும்.” செல்லத்தம்பி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். “வந்து இரிங்க.”

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதிரை, சாரதாதேவிக்குப் பக்கத்தில். அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நிரோஜினி கதிரையைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டாள். அவர் இருந்தார். துணி அயன் பண்ணின வாசம் வந்தது அவரிடமிருந்து.

சார்ஜன் புதுத் தாள் எடுத்து, பேனையை உதறி, சாரதாதேவியைக் கேட்டார்.

“உறவு முறைய நான் சரியா எழுதணும் அம்மா. இவர் உங்கட பேரன்ட அம்மப்பாதானே?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இராசதுரை, மகன், மருமகள், தாயின் தோளில் கிடந்த அந்தச் சின்னது கூட. செல்லத்தம்பி மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றாள் சாரதாதேவி.

சார்ஜன் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, நிரோஜினியையும் தகப்பனையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். அவர்கள் போகலாம் என்றார். சாரதாதேவியும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

“நீங்க போக ஏலா அம்மா,” என்றார் சார்ஜன். “கோட்டுக்குக் கொண்டு போகணும். அவடத்தயே இரிங்க.”